தக்கைக்குத்தான் தெரியும்

எங்கள் பெரியப்பா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கும் நிலப் பத்திரங்களுக்கும் பின்னால், ஒரு விஸ்கி பாட்டில் நாற்பது வருடமாகப் படுத்துக் கிடந்தது. நிற்கவில்லை, படுத்துக் கிடந்தது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

1984-இல் சிங்கப்பூர் போய்த் திரும்பும்போது டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய ஸ்காட்ச். மூத்த மகள் கல்யாணத்தன்று சம்பந்தியோடு உட்கார்ந்து திறப்பதாக இருந்தார். சம்பந்தி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அடுத்து, மகன் வேலையில் சேர்ந்த நாள். அன்றைக்கு அமாவாசை. அதற்குப் பிறகு டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார். போன வருடம் பீரோவை ஒழித்தபோது அந்தப் பாட்டிலை என் கையில் கொடுத்து, "சயின்ஸ் எழுதறவன்தானே நீ, சொல்லு. இது இப்ப லட்சக்கணக்குல போகுமா, இல்ல சாக்கடையில ஊத்தணுமா?" என்றார்.

கேட்டவர் ஒருவர்தான் என்றாலும் அந்தக் கேள்விக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. நாற்பது வருடத்தில் உள்ளே இருப்பது கனிந்திருக்கும் என்பது ஒன்று. கெட்டிருக்கும் என்பது இன்னொன்று. இரண்டுமே நம் சமையலறையிலிருந்து வந்தவை. பழைய அரிசிக்கு மதிப்பு உண்டு, பழைய புளிக்கு உண்டு, நார்த்தங்காய் ஊறுகாய் ஆண்டுக்கணக்கில் கறுத்துக் கறுத்து மருந்தாகவே ஆகிவிடும். மறுபக்கம், காலையில் இறக்கிய கள் சாயங்காலத்துக்குள் புளித்து, நாள் போகப்போகக் காடியாகிறது. விஸ்கி எந்தக் கட்சி?

எந்தக் கட்சியும் இல்லை. கள்ளில் இருக்கும் ஆல்கஹால் சில சதவீதம்தான். அந்த அளவில் ஈஸ்ட்டும் வாழும், எத்தனாலைத் தின்று அசெடிக் அமிலமாக்கும் பாக்டீரியாவும் வாழும். ஆல்கஹால் 20 சதவீதத்தைத் தாண்டினால் இந்த உயிர்களுக்கு அங்கே வேலை இல்லை. விஸ்கியில் குறைந்தது 40. மருத்துவமனையில் ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் திரவத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். புளிக்க வைக்கவோ ஊசிப்போக வைக்கவோ உள்ளே யாரும் இல்லை. 10 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள பானங்களில் 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்று அச்சிட வேண்டியதில்லை என்று பன்னாட்டு உணவு விதிகள் விலக்கு தருவதும் இதனால்தான்.

சரி, கெடவில்லை. கனிந்திருக்குமா?

விஸ்கி கனிவது மரத்தில். காய்ச்சி வடித்து இறங்கும் சாராயம் தண்ணீர் மாதிரி நிறமற்று, காரமாக, பச்சை வாடையோடு இருக்கும். அதை ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி வைக்கிறார்கள். பிரிட்டிஷ் சட்டப்படி, ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது 3 ஆண்டு மரத்துக்குள் இருந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் என்று பெயர். மரம் அங்கே சும்மா இருப்பதில்லை. பீப்பாயின் உட்புறம் தீயில் கருக்கப்பட்டிருக்கும். அந்தக் கரி, கந்தக வாடையை உறிஞ்சிக்கொள்கிறது. மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் கரைகிறது. லாக்டோன்கள் என்ற சேர்மங்கள் தேங்காய் வாசனையைத் தருகின்றன. மரத்தின் நுண்துளை வழியாகக் காற்று உள்ளே வர, எத்தனாலும் தண்ணீரும் மெல்ல வெளியே போகின்றன. இப்படி ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். ஸ்காட்லாந்துக் குளிரில் தேவதைகள் ஆண்டுக்கு 2 சதவீதம் போலக் குடிக்கின்றன. பெங்களூரில் அம்ருத் நிறுவனத்தின் கிடங்கில் அதைப்போலச் சுமார் 5 மடங்கு. அதனால்தான் அங்கே 4, 5 ஆண்டிலேயே விஸ்கி முற்றிவிடுகிறது. 2004-இல் அவர்கள் தங்கள் சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கியை) கொண்டுபோய் கிளாஸ்கோவிலேயே வெளியிட்டார்கள், துணிச்சல்தான்.

மரமும் மதுவும் சேர்ந்த கதை நமக்குப் புதிதில்லை. மூங்கில் குழாயில் ஊற்றி முற்றவைத்த தேறலைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள்.

பீப்பாயிலிருந்து கண்ணாடிக்கு மாற்றிய அந்த நிமிடத்தோடு எல்லாம் நின்றுவிடுகிறது. கண்ணாடி எதையும் தராது, எதையும் எடுக்காது. 12 ஆண்டு மரத்தில் இருந்த விஸ்கியை 1984-இல் பாட்டிலில் அடைத்தால், 2024-இலும் அது 12 வயது விஸ்கிதான். பெரியப்பா பாட்டிலுக்கு 52 வயது ஆகிவிடவில்லை. ஒயின் வேறு சாதி. அதன் டானின்கள் பாட்டிலுக்குள்ளேயே ஒன்றோடொன்று கோத்து, படிந்து, சுவை மாறிக்கொண்டே போகும். ஒயினைப் பற்றிக் கேள்விப்பட்டதை விஸ்கிக்கும் பொருத்திவிடுவதில்தான் 'பழசானால் ஒசத்தி' என்ற எண்ணம் பிறக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க நூறு வருடம் யாரும் தொடாமல் ஒரு பாட்டிலை வைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு சோதனையை, தெரியாமலே, ஒருவர் செய்து வைத்துவிட்டுப் போனார்.

எர்னஸ்ட் ஷாக்கில்டன் 1907-இல் 'நிம்ராட்' கப்பலில் தென் துருவம் தேடிப் புறப்பட்டபோது எடுத்துப்போன சாமான்களில் மெக்கின்லே நிறுவனத்தின் ஹைலேண்ட் மால்ட் விஸ்கி 25 பெட்டி இருந்தது. அண்டார்டிகாவில் கேப் ராய்ட்ஸ் என்ற முனையில் மரக்குடில் அடித்துத் தங்கினார்கள். 1909 ஜனவரியில் துருவத்துக்கு 180 கிலோமீட்டர் இருக்கும்போது, இன்னும் போனால் உயிரோடு திரும்ப முடியாது என்று கணக்குப் போட்டுத் திரும்பினார் ஷாக்கில்டன். அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது சில பெட்டிகள் குடிலின் தரைக்கு அடியிலேயே தங்கிவிட்டன. பனி மூடியது. குடிலைப் பராமரிக்கப் போன நியூசிலாந்துக்காரர்கள் ஏறக்குறைய நூறு வருடம் கழித்து அவற்றைக் கண்டார்கள். 2010-இல் பனியை உடைத்து வெளியே எடுத்தார்கள். மூன்று பெட்டி விஸ்கி, இரண்டு பெட்டி பிராந்தி.

ஒரு பெட்டியை கிறைஸ்ட்சர்ச் நகரின் கேன்டர்பரி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அவசரப்பட்டு உருக்கினால் காகிதம், லேபிள், வைக்கோல் எல்லாம் நைந்துவிடும் என்று தனியாக ஒரு குளிர் அறை கட்டி, நாள்கணக்கில், டிகிரி டிகிரியாக வெப்பத்தை ஏற்றினார்கள். உள்ளே காகிதத்திலும் வைக்கோலிலும் சுற்றிய 11 பாட்டில்கள். பெட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி பாறையாக இறுகியிருந்தும், பாட்டிலுக்குள் விஸ்கி உறையவில்லை. 47 சதவீத ஆல்கஹால் கொண்ட திரவம் உறைய மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போக வேண்டும்.

மெக்கின்லே என்ற பெயரின் உரிமை அப்போது வைட் அண்ட் மெக்காய் நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனத்தை 2007-இல் வாங்கியிருந்தவர் நம் பெங்களூர் விஜய் மல்லையா. ஆகவே 2011 ஜனவரியில் மூன்று பாட்டில்கள் அவருடைய சொந்த விமானத்தில் ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்தன. எந்த விஸ்கிக்கும் அப்படி ஒரு பயணம் வாய்த்திருக்காது.

ஆய்வுக்கூடத்தில் தக்கையைப் பிடுங்கவில்லை. ஊசியைத் தக்கைக்குள் செலுத்தி, ரத்தப் பரிசோதனைக்கு எடுப்பதுபோல் கொஞ்சம் உறிஞ்சினார்கள். முடிவுகளை அதே ஆண்டு ஆய்விதழில் வெளியிட்டார்கள். மூன்று பாட்டிலும் ஒரே குணம், ஒரே வலு: 47 சதவீதத்துக்குச் சற்று மேல். 1890-களின் இறுதியில் வடித்த சிங்கிள் மால்ட். அமெரிக்க ஓக் பீப்பாயில், அநேகமாக அதற்கு முன் ஷெர்ரியோ வேறு ஒயினோ இருந்த பீப்பாயில் முற்றியிருக்கிறது. பார்லியை உலர்த்த மூட்டிய பீட் என்ற மக்கிய தாவர மண் எந்த ஊருடையது என்பதைக்கூட விஸ்கியிலிருந்த ஃபீனால்களின் விகிதத்தை வைத்துச் சொல்லிவிட்டார்கள்: ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகள்.

என்னைத் தொட்ட விஷயம் வேறு. அந்தக் காலத்து விஸ்கி கரடுமுரடாக, தொண்டையை அறுக்கும் புகையாக இருந்திருக்கும் என்றுதான் தொழிலில் இருப்பவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். இதுவோ மென்மையாக, உலர்பழமும் மசாலாவும் லேசான புகையுமாக இருந்தது. அதை வடித்த இன்வர்னஸ் நகரின் க்ளென் மோர் ஆலை 1983-இல் மூடி, 1986-இல் இடித்துத் தள்ளப்பட்டது. கட்டடம் போய்விட்டது, வேலை செய்தவர்கள் போய்விட்டார்கள், சுவை மட்டும் பனிக்கடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. வைட் அண்ட் மெக்காயின் மூத்த கலப்பாளர் ரிச்சர்ட் பேட்டர்சன் அந்தச் சுவையை முகர்ந்து முகர்ந்து, கையில் இருந்த பல மால்ட்டுகளைக் கலந்து ஒரு நகல் செய்தார். அது 50,000 பாட்டில் விற்பனைக்கு வந்தது.

பழைய பாட்டில் விலை போவதற்கான நியாயமான காரணம் இங்கேதான் இருக்கிறது. பாட்டிலுக்குள் காலம் எதையும் சேர்ப்பதில்லை. ஒரு காலத்தை அது அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. அன்றைய பார்லி வேறு. கொப்பரைக்கு அடியில் நேரடியாகக் கரி எரித்து வடித்தார்கள். ஸ்பெயினிலிருந்து ஷெர்ரியைப் பீப்பாயோடு கப்பலேற்றி அனுப்பும் வழக்கம் 1980-களில் நின்றுபோக, அந்தப் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு எளிதில் கிடைப்பதும் நின்றது. 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் ஒரு மெக்காலன் ஸ்காட்ச் பாட்டில் 21 லட்சம் பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் 22 கோடி ரூபாயை ஒட்டி, விலை போனது. 1926-இல் வடித்து, 60 ஆண்டு பீப்பாயில் இருந்து, 1986-இல் 40 பாட்டிலில் அடைத்ததில் ஒன்று அது. ஏலத்துக்கு முன் அந்தப் பாட்டிலுக்குச் செய்த சிகிச்சை என்ன தெரியுமா? தக்கையை மாற்றினார்கள்.

அங்கேதான் நம் கதையும் போகிறது. ஆனால் அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

வேதிவினைகளின் வேகம், வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் சுமார் இரண்டு மடங்காகும் என்று ஒரு தோராய விதி உண்டு. கேப் ராய்ட்ஸ் பகுதியின் ஆண்டுச் சராசரி மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும். புதுக்கோட்டையில் பெரியப்பா வீட்டு பீரோ 30 என்று வைப்போம். வித்தியாசம் ஏறக்குறைய 50 டிகிரி. ஐந்து முறை இரட்டித்தால் 32 மடங்கு. அப்படியென்றால் ஷாக்கில்டன் விஸ்கி பனியில் கழித்த நூறு வருடம், நம் பீரோவில் மூன்று வருடத்துக்குச் சமம். திருப்பிப் போடுங்கள்: பீரோவின் 40 வருடத்தை அண்டார்டிகாவில் ஈடுகட்ட 1,280 வருடம் ஆகும். நந்திவர்ம பல்லவன் காலத்தில் பனியில் புதைத்திருக்க வேண்டும்! தோராய விதிதான், நீதிமன்றத்தில் செல்லாது. ஆனாலும் 'எத்தனை வருடப் பாட்டில்' என்று மட்டும் கேட்பது ஏன் அரைக் கேள்வி என்பது இதில் தெரிகிறது. எங்கே இருந்த பாட்டில் என்பது மீதிப் பாதி.

அப்படி வேகமாக ஓடுகிற வினைகள்தான் எவை? விஸ்கியின் பழவாசனைக்குக் காரணம் எஸ்டர்கள். அவை தண்ணீரோடு சேர்ந்து அமிலமும் ஆல்கஹாலுமாகப் பிரியும். பிரிந்தவை மறுபடி கூடும். இந்தப் போக்குவரத்து மெதுவாக ஒரு சமநிலைக்கு வரும்போது வாசனையின் விகிதம் சற்றே நகர்ந்திருக்கும். பாட்டிலை அடைக்கும்போது கரைந்திருந்த கொஞ்சம் ஆக்ஸிஜன் தன் வேலையைக் காட்டிவிட்டுத் தீர்ந்துபோகும். பழைய பாட்டில்களைத் தேடித் திறப்பவர்கள், ஒருவிதப் பித்தளை வாடையும் ஈர அலமாரி வாடையும் முதலில் எழுந்து, பத்து நிமிடத்தில் அடங்குவதைச் சொல்வார்கள். பழைய பாட்டில் குணம் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு அது பழைய எவர்சில்வர் டம்ளரை ஞாபகப்படுத்துகிறது.

இவையெல்லாம் சில்லறை மாற்றங்கள். பெரிய திருட்டு தக்கை வழியாக நடக்கிறது.

ஒயின் பாட்டிலைப் படுக்க வைப்பார்கள்; தக்கை நனைந்து உப்பி, காற்றை அடைக்கும். இதைப் பார்த்து விஸ்கியையும் படுக்க வைத்தால் வந்தது வினை. ஒயினின் 13 சதவீதத்துக்குத் தக்கை தாங்கும், 40 சதவீதத்துக்குத் தாங்காது. வலுவான ஆல்கஹால் தக்கையை ஊறவைத்து அரித்து, ஊறிப்போன ரஸ்க் மாதிரி ஆக்கிவிடும். விஸ்கி எப்போதும் நின்றுகொண்டே இருக்க வேண்டிய சரக்கு. நின்றாலும் தக்கை நிரந்தரமில்லை, காய்ந்து சுருங்கும். இந்தத் தொல்லை விஸ்கிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். திருகி இல்லாமலே கையால் இழுத்துத் திறக்கும் தக்கையை 1913-இல் டீச்சர்ஸ் விஸ்கி நிறுவனம் கொண்டுவந்ததும், 1926-இல் ஒயிட் ஹார்ஸ் நிறுவனம் உலோகத் திருகு மூடிக்கு மாறியதும் இந்தப் போராட்டத்தின் பகுதிகள். திருகு மூடியும் முழுக் காவல் இல்லை. அதன் உள்வட்டமாக வைத்த மெல்லிய தகடு காய்ந்து போனால் அதே கதைதான்.

நம் ஊர் வெயில் இந்தத் திருட்டுக்கு உடந்தை. மே மாத மதியம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணைத் தொட்டுப் பாருங்கள். பகலில் சூடாகி, பாட்டிலின் கழுத்தில் இருக்கும் காற்று விரிகிறது. எத்தனால் ஆவியோடு இடுக்கு வழியாக வெளியே தள்ளுகிறது. இரவு குளிர்ந்ததும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. பாட்டில் மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம், நாளைக்கு ஒரு முறை, வருடத்துக்கு 365 முறை. ஒவ்வொரு மூச்சிலும் தண்ணீரைவிட எத்தனால் கொஞ்சம் அதிகமாகப் போகும். அளவும் குறையும், வலுவும் குறையும், உள்ளே வந்த ஆக்ஸிஜன் மிச்சத்தைச் சப்பென்று ஆக்கும். ஷாக்கில்டன் பாட்டிலுக்கு இந்த மூச்சுத் தொல்லை இல்லை. பனிக்கடியில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு.

வெளிச்சம் இன்னொரு எதிரி. ஷோகேஸில் ஜன்னலுக்கு எதிரே அழகுக்கு வைத்த பாட்டிலின் நிறம் வெளுத்துக்கொண்டே போகும். நிறம் தந்த சேர்மங்கள் சிதைந்தால் வாசனையும் சேர்ந்து கோணும். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதவர்கள் அறியாமலே புத்திசாலிகள்.

ஆகையால், பழைய பாட்டில் கையில் கிடைத்தால் லேபிளைப் படிக்குமுன் கழுத்தைப் பாருங்கள். திரவம் கழுத்தில் நிற்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா? கழுத்தில் நின்றால் தக்கை தன் கடமையைச் செய்திருக்கிறது. உள்ளே இருப்பது அடைத்த நாளில் இருந்ததற்கு மிகப் பக்கத்தில் இருக்கும். தோளுக்குக் கீழே போயிருந்தால், எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் ஆசையைக் குறைத்துக்கொள்ளலாம். கலங்கல் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். கொழுப்பு அமிலங்களின் எஸ்டர்கள் குளிரில் திரண்டு மங்கலாக்கும், அறை வெப்பத்தில் தெளிந்துவிடும். தெளியாமல் திட்டுத்திட்டாக மிதந்தால் சந்தேகப்படலாம்.

வயதைத் தெரிந்துகொள்ள லேபிள் உதவும். பிரிட்டனில் 1980 வரை வலுவை '70 டிகிரி ப்ரூஃப்' என்று போட்டார்கள். இன்றைய 40 சதவீதம். வெடிமருந்தில் சாராயத்தை ஊற்றிப் பற்றவைத்து, பற்றிக்கொண்டால் '100' என்று கணக்கிட்ட காலத்தின் மிச்சம் அது. 100 ப்ரூஃப் என்பது 57 சதவீதத்தை ஒட்டி வரும். அவர்கள் கைவிட்டாலும் நாம் விடவில்லை: நம் ஊர் பாட்டிலில் பார்க்கும் 42.8 என்ற விசித்திர எண், பழைய 75 டிகிரி ப்ரூஃபின் மொழிபெயர்ப்பு. 70 சென்டிலிட்டருக்குப் பதில் 75 என்று இருக்கும் ஐரோப்பியப் பாட்டில் பெரும்பாலும் 1990-களின் தொடக்கத்துக்கு முந்தையது.

லேபிளை நம்பலாமா என்பது தனிக் கேள்வி. 2017-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகர விடுதி ஒன்றில், 1878-ஆம் ஆண்டு மெக்காலன் என்று எழுதிய பாட்டிலிலிருந்து 2 சென்டிலிட்டர், அதாவது நாலு டீஸ்பூன், வாங்கிக் குடித்த சீன எழுத்தாளர் ஒருவர் 9,999 ஃபிராங்க் கொடுத்தார். பாட்டிலின் படத்தைப் பார்த்த நிபுணர்கள் முகம் சுளித்தார்கள். விடுதிக்காரர்கள் நேர்மையாக மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். விஸ்கி 1970-க்கும் 1972-க்கும் நடுவில் தயாரானது, அதுவும் மால்ட்டும் வேறு தானியச் சாராயமும் கலந்த சாதாரணக் கலப்பு என்று முடிவு வந்தது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்ல முடிந்தது? அணுகுண்டால். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வானத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தபோது காற்றில் கார்பன்-14 கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. 1963-இல் அந்தச் சோதனைகளுக்குத் தடை ஒப்பந்தம் வந்தபின் அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. வயலில் வளரும் பார்லி அந்தந்த ஆண்டுக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. அந்த ஆண்டின் முத்திரை தானியத்தில் ஏறி, மாவில் ஏறி, சாராயத்தில் ஏறி, பாட்டிலில் வந்து உட்கார்ந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டு விஸ்கியில் அணுகுண்டுக் கார்பன் இருந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள். 2018-இல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று சந்தையில் சுற்றிய 55 அரிய பாட்டில்களைச் சோதித்ததில் 21 போலி. ஐந்துக்கு ஏறக்குறைய இரண்டு!

ஆபத்து ஏதும் உண்டா என்று கேட்பவர்களுக்கு: மூடிய நல்ல விஸ்கி பழசாவதால் விஷமாகாது. பாட்டிலுக்குள் எத்தனால், மெத்தனாலாக மாறும் என்ற பேச்சு நம் ஊரில் உண்டு. அப்படி ஒரு வினை நடக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மெத்தனால், சாராயத்தில் மனிதர்கள் கலந்தது. எனவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத, முத்திரை உடைந்த பாட்டிலை, பழசோ புதுசோ, வாயில் வைக்காதீர்கள். இன்னொன்று, கண்ணாடிக் குடுவை. கிரிஸ்டல் என்று மின்னும் டிகாண்டரில் ஈயம் கலந்திருக்கலாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராசியானோவும் ப்ளமும் 1991-இல் சோதித்தபோது, அத்தகைய குடுவையில் 5 ஆண்டுக்கு மேல் கிடந்த பிராந்தியில் லிட்டருக்கு 20,000 மைக்ரோகிராம் அளவுக்கு ஈயம் இருந்தது. பழைய விஸ்கி டிகாண்டரில் இருந்தால், பாட்டிலில் இருப்பதற்குச் சொன்ன தைரியத்தை நான் சொல்ல மாட்டேன். பெய்லீஸ் போன்ற பால் ஆடை கலந்த மது வேறு வகை; அதைத் தயாரிப்பவர்களே 2 ஆண்டுதான் உத்தரவாதம் தருகிறார்கள். மற்றபடி, புதிய விஸ்கிக்கு உள்ள எல்லாத் தீமையும் பழைய விஸ்கிக்கும் உண்டு. மதுபானம் 1988 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் முதல் பட்டியலில் இருக்கிறது. வயது பார்த்து அதில் சலுகை கிடையாது.

பெரியப்பா பாட்டிலுக்கு வருவோம். 75 சென்டிலிட்டர், 43 சதவீதம், முத்திரை உடையவில்லை. ஆனால் திரவம் தோளுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. பீரோவின் அடித்தட்டில் விரித்த காகிதத்தில் பழுப்பு வட்டம் ஒன்று. விற்கிற பேச்சுக்கு இடமில்லை என்று சொன்னேன். "சரி, தொறந்துதான் பாரேன்" என்றார்.

தக்கை இரண்டாக உடைந்தது. மேல் பாதி கையோடு வந்தது, கீழ்ப் பாதி உள்ளே விழுந்து தூளாகிவிட்டது. பெரியம்மா பால் வடிகட்டும் மெல்லிய துணியைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட, புது கைக்குட்டையில் வடிகட்டினேன். முதலில் ஈரமான அட்டை வாடை. கால் மணி நேரம் காத்திருந்ததில் உலர்ந்த திராட்சை எங்கிருந்தோ எட்டிப் பார்த்தது. நாக்கில் வைத்தால் முன்பகுதி இருந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை, கடைசியில் மரத்தூள். குடித்தால் ஒன்றும் ஆகாது. குடிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன்.

பெரியப்பா கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் ஒரு நிமிடம் வைத்திருந்தார். "அன்னிக்கே சம்பந்திய மாலைய கழட்டச் சொல்லியிருக்கணும்" என்றார். மீதி இருந்ததைப் பெரியம்மா வாங்கிக்கொண்டு போய் பீரோ கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி பளிச்சென்று வந்தது.